இதய உறையிலும் பெருந்தமனியிலும் கிருமித் தொற்று: சேலம், ஏற்காடு பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் சீழோ நீரோ கோத்துக்கொள்வதும், பெருந்தமனியின் சுவரில் பாக்டீரியா புகுந்துகொள்வதும் தினசரி பார்க்கிற நோய்கள் இல்லை. ஆனால் வந்துவிட்டால் தாமதம் தாங்காது. நோயாளியோடு வருகிற மகன், மருமகள், அண்ணன் தம்பிகள் வராந்தாவில் நின்று கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாகச் சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மாமனாருக்கு "ஹார்ட்டைச் சுற்றி தண்ணி கோத்திருக்கு" என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது?

இதயம் ஒரு மெல்லிய பைக்குள் துடித்துக்கொண்டிருக்கிறது. பைக்கு இரண்டு அடுக்கு. இடையில் உராய்வு இல்லாமல் இருக்க 15 முதல் 50 மில்லி வரை திரவம் எப்போதுமே இருக்கும். உறையில் அழற்சி வந்தால் அது கூடிவிடும். நெஞ்சில் சளி கட்டியிருப்பதற்கும் நுரையீரலில் நீர் கோப்பதற்கும் இதற்கும் இடம் வேறு. சிலருக்கு இரண்டு இடத்திலும் சேர்ந்தே இருக்கலாம்.

எத்தனை மில்லி என்று எல்லோரும் கேட்பார்கள். எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு நாள், இரண்டு நாளில் 200 மில்லி சேர்ந்தாலே உறை விரிந்து கொடுக்காமல் இதயத்தை நெருக்கி, ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். மாதக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லிட்டர் வரைகூட உறை இடம் கொடுக்கும். ஆள் நடந்தே ஓ.பி.க்கு வருவார். "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு லிட்டர் எடுத்தாங்க, நமக்குக் கொஞ்சம்தானே" என்ற கணக்கு இங்கே உதவாது.

நம் பக்கத்தில் இது எதனால் வருகிறது?

இந்தியாவில் உறையில் நிறைய நீர் கோத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோய். நெஞ்சுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளில் தங்கியிருந்த கிருமி அங்கிருந்து உறைக்குப் போகும். கல் குவாரி, கிரஷர் வேலையில் வருஷக்கணக்கில் கல் தூசியைச் சுவாசித்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்படிப்பட்ட வேலையில் இருந்தவர் என்றால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது சீழ் பிடிப்பது. நிமோனியா பக்கத்தில் இருந்து பரவலாம்; காலில் இருக்கும் ஆறாத புண்ணிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் ஏறி வரலாம்; நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சீழ் பிடித்த உறைக்குச் சிகிச்சையே கொடுக்காவிட்டால் பிழைப்பது அரிது.

பாக்டீரியா இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமீபாவால் ஈரலின் இடது பக்கத்தில் சீழ்க்கட்டி வந்து, அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி இதய உறைக்குள் உடைவதுண்டு. வலது விலாவிலோ மேல்வயிற்றிலோ வலியும் காய்ச்சலுமாக இருந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் இதையும் நினைக்க வேண்டும். வைரஸ், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைவு, புற்றுநோய் ஆகியவற்றாலும் நீர் கோக்கும்.

டி.பி. என்றால் இருமல் வர வேண்டாமா? அம்மாவுக்கு இருமலே இல்லையே?

வர வேண்டிய கட்டாயம் இல்லை. உறையில் வரும் காசநோய் பல வாரங்களாக ஊர்ந்து வரும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது. எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் பெரிதாகத் தெரியும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் விஷயம் வெளிவரும். சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததால் காசநோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நெஞ்சுவலி வந்ததும் மாரடைப்பு என்று பயந்தோம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வீட்டில் பிரித்துப் பார்க்க முயலாதீர்கள். நெஞ்சுவலி என்றால் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். உறை அழற்சியின் வலி பெரும்பாலும் குத்துவது போல இருக்கும். மல்லாந்து படுத்தால், மூச்சை இழுத்தால் கூடும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். வைரஸால் வந்தது என்றால் வலி மாத்திரையும் அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசினும் கொடுத்தே பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், கிறுகிறுப்பு சேர்ந்திருந்தால் சீழ் இருக்கிறதா என்று தேட வேண்டும். காசநோயிலோ, பல சமயம் வலியே இருக்காது.

காய்ச்சலுக்கு ஏற்கெனவே ஐந்து நாள் ஊசி போட்டாயிற்று. இப்போது திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று நாள் காய்ச்சல் என்றால் தெருமுனைக் கிளினிக்கில் ஓர் ஊசி, நாலு வேளை மாத்திரை. நிற்கவில்லையா, பக்கத்து லேபில் டைபாய்டு பார்க்கும் வைடல் டெஸ்ட். அதில் ஏதோ ஓர் எண் வந்ததும் "டைபாய்டு" என்று பெயர். அப்புறம் ஐந்து நாள் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. காய்ச்சல் இறங்கும், வேலைக்குப் போவார், பத்து நாளில் திரும்ப வரும். மறுபடி அதே ஊசி.

வைடல் டெஸ்டை நான் பெரிதாக மதிப்பதில்லை. டைபாய்டு புழங்கும் ஊரில் நன்றாக இருப்பவர் ரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். ஒரே ஒரு முறை பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அரைகுறை ஆன்டிபயாடிக். ரத்தத்தில் மிதக்கும் கிருமியை அது அடித்துவிடும். உறைக்குள் சீழில் இருக்கும் கிருமியும், தமனிச் சுவருக்குள் பதுங்கிய கிருமியும் தப்பிக்கும். அதன் பிறகு பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) எடுத்தால் ஒன்றும் வளராது. என்ன கிருமி என்று தெரியாமல், எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை ஊகத்தில்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆறு வாரம் ஓட வேண்டிய மருந்தை ஊகித்து ஓட்டுவது யாருக்கும் நிம்மதியான வேலை இல்லை.

ஆகவே, காரணம் புலப்படாத காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சலோடு நெஞ்சுவலி, முதுகுவலி, மூச்சு வாங்கல் சேர்ந்தாலோ, ஆன்டிபயாடிக் ஏற்றும் முன் "கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி வேண்டும். வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு மூன்று முறை எடுப்பார்கள். "இவ்வளவு ரத்தமா?" என்று தடுக்காதீர்கள். ரத்தம் குறைந்தால் கிருமி பிடிபடும் வாய்ப்பும் குறையும். எடுத்து முடித்தவுடனே மருந்தை ஆரம்பித்துவிடலாம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான கிருமிகள் இரண்டு நாளில் வளர்ந்து காட்டும். லேபில் ஐந்து நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டாயிற்று என்றால், அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். "வெள்ளைக் கலர்ல ஒரு மாத்திரை" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உறைக்குள் ஊசி குத்தி நீர் எடுப்பது ஆபத்தில்லையா?

பயப்படுவது நியாயம்தான். நெஞ்செலும்பின் கீழ் முனைக்கு அருகிலோ, எக்கோவில் நீர் அதிகமாகத் தெரியும் இடத்திலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, திரையில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். பலருக்கு ஒரு மெல்லிய குழாயை உள்ளேயே வைத்து, சில நாள் வடிய விடுவார்கள். இதயத்தில் குத்திவிடுவது, ரத்தம் கசிவது போன்ற ஆபத்துகள் உண்டு. கையெழுத்து வாங்கும்போது சொல்வார்கள். நீர் இதயத்தை நெருக்கத் தொடங்கியவருக்கு எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. எடுத்த சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தம் ஏறி, ஆள் முகம் தெளிவதைப் பார்க்கலாம்.

எடுத்த நீரில் அணுக்களை எண்ணுவார்கள். கல்ச்சர், ஜீன் எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது), ஏ.டி.ஏ. (காசநோயில் கூடும் ஒரு நொதி) பரிசோதனைகளுக்கும் அனுப்புவார்கள். ஏ.டி.ஏ. லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். ஜீன் எக்ஸ்பர்ட்டில் கிருமி தெரிந்தால், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதற்குக் கேட்குமா என்பதும் கூடவே தெரியும். உறை நீரில் கிருமிகள் குறைவாகவே இருப்பதால் நெகட்டிவ் வருவதும் சகஜம். சீழ் கெட்டியாக இருந்தால் ஊசிக்கு வராது. நெஞ்சின் கீழே சிறிதாகத் திறந்து கழுவ வேண்டியிருக்கும்.

ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கிறோம். இரவில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது?

108-ஐக் கூப்பிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வர வேண்டும் என்பதால் "விடியட்டும்" என்று தள்ளிப் போடும் பழக்கம் மலையில் உண்டு. மற்ற காய்ச்சலுக்கு அது பரவாயில்லை. நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறி, கை கால் சில்லிட்டு, கழுத்து நரம்பு புடைத்து, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முதலுதவிக்கு மலையிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே பார்த்து, ஆக்சிஜனோடு சேலத்துக்கு அனுப்புவார்கள்.

வண்டியில் படுக்க வைக்காதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள். வீட்டில் பி.பி. மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் இருக்கும். மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாக அதைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். உறை நெருக்கும் இதயத்துக்கு உள்ளே வரும் ரத்தம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மலைக் காற்று டி.பி.க்கு நல்லது என்பார்களே? மாமாவை ஏற்காட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

வைத்துப் பார்க்கலாம், மாத்திரை போடுகிறார் என்றால். குளிர்ந்த காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று மலைமேல் சானடோரியத்தில் (காசநோய்க்கான தங்கும் மருத்துவமனையில்) வருஷக்கணக்கில் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. அதை முடித்து வைத்த ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது. 1956-ல் தொடங்கி, ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்க சிகிச்சை முறையே மாறியது. ஏற்காட்டின் குளிரும் பனியும் இதய உறையில் நீர் கோக்க வைக்கவும் செய்யாது, அதை வற்ற வைக்கவும் செய்யாது.

ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். கெடுதல் இல்லையா?

2014-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆப்பிரிக்க ஆய்வில், உறைக் காசநோய் உள்ள 1400 பேரிடம் இதைப் பார்த்தார்கள். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இறப்பைக் குறைக்கவில்லை. உறை இறுகிப் போவதைக் குறைத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் கூடியது. அதனால் ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள். சுகர் எகிறும், அதைக் கண்காணியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அண்ணனுக்கு கால் வீங்கி, வயிறு உப்பி, ஈரல் கெட்டுவிட்டது என்று ஒரு வருஷம் பார்த்தோம். இப்போது இதய உறை என்கிறார்கள். எப்படி?

இது அடிக்கடி நடக்கிறது. காசநோய் ஆறும்போது உறை தடித்து, இறுகி, சில சமயம் சுண்ணாம்பு படிந்து இதயத்தை விரிய விடாமல் செய்யும். திரும்பி வரும் ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் ஈரலில் தேங்கும், வயிற்றில் நீராக இறங்கும், கால் வீங்கும். குடிக்காதவருக்கு, மஞ்சள் காமாலை வராதவருக்கு வயிறு உப்பினால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். ஈரல் நோயில் அது அவ்வளவாகப் புடைக்காது. இதில் நன்றாகப் புடைக்கும். அதற்கு ஸ்டெதஸ்கோப்கூட வேண்டாம், சாய்த்துப் படுக்க வைத்து வெளிச்சத்தில் பார்க்கிற கண் போதும். எக்கோவும் சி.டி.யும் உறுதி செய்யும். மருந்துக்கு அடங்காவிட்டால் தடித்த உறையை உரித்து எடுக்கும் ஆபரேஷன். பெரியதுதான், ஆனால் உடம்பு முற்றும் உருகிப்போகும் முன் செய்தால் நல்ல பலன் தரும்.

பெருந்தமனித் தொற்று என்றால் என்ன?

இதயத்திலிருந்து கிளம்பி, வளைந்து, முதுகெலும்புக்கு முன்னால் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிற குழாய்தான் பெருந்தமனி. அதன் உள்தோல் வழவழப்பாக இருக்கும்வரை கிருமி ஒட்டாது. வயதாகி, புகை, சுகர், பி.பி. எல்லாம் சேர்ந்து கொழுப்புப் படிந்தால், துருப்பிடித்த குழாயில் அழுக்குப் பிடிப்பது மாதிரி கிருமி அங்கே தங்கிவிடும். சுவரை அரித்து, சில வாரங்களிலேயே பலூன் போல் ஒரு பக்கம் புடைக்க வைக்கும். சாதாரண ரத்தக்குழாய் வீக்கம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும். இது அப்படிக் காத்திருக்காது. 1885-லேயே வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் இதயத் தொற்றோடு வந்த இத்தகைய வீக்கத்தை விவரித்துவிட்டார்.

முக்கியக் குற்றவாளிகள் சால்மொனெல்லாவும் ஸ்டெஃபைலோகாக்கஸும். வயிற்றுப்போக்கோடு போய்விடும் என்று நாம் நினைக்கும் சால்மொனெல்லா வகைகளுக்கு வயதானவர்களின் தமனிச் சுவர் மீது தனி நாட்டம் உண்டு. 50 வயது தாண்டியவரின் ரத்தக் கல்ச்சரில் அது வளர்ந்து, மருந்து முடிந்த பிறகும் காய்ச்சல் திரும்பினால் தமனியை ஸ்கேன் செய்யாமல் விடக் கூடாது. காசநோயும் முதுகெலும்பிலிருந்தோ நெறிக்கட்டியிலிருந்தோ தமனிக்குத் தாவும்.

எப்படிச் சந்தேகப்படுவது?

காய்ச்சலும் புதிதாக வந்த முதுகுவலியும். இரண்டும் சேர்ந்தால் நம் ஊரில் "கல்லடைப்பு" அல்லது "டிஸ்க்" என்று போய்விடும். வயதானவர், புகைப்பவர் என்றால் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது பெருந்தமனியின் அகலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப் பகுதியில் 3 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் வீக்கம்தான். வயிற்றில் துடிக்கும் கட்டி, நெஞ்சுக்குள் வீங்கி நரம்பை அழுத்துவதால் குரல் கம்முவது, இருமலில் ரத்தம் ஆகியவையும் வரலாம். உறுதி செய்வது சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்).

ஏற்கெனவே பெருந்தமனியில் செயற்கைக் குழாய் வைத்தவர் கொஞ்சமாக ரத்த வாந்தி எடுத்தாலோ மலம் கறுத்தாலோ, நின்றுவிட்டதே என்று சும்மா இருக்கக் கூடாது. தமனி குடலுக்குள் உடைந்திருந்தால் முதலில் சிறிதாகக் கசிந்து நின்று, பிறகு பெரிதாக வரும். இடையில் கிடைக்கும் அந்த நேரம்தான் காப்பாற்றுகிற நேரம்.

சிபிலிஸ் என்ற பால்வினை நோய் தமனியைத் தாக்குமா?

தாக்கும். தொற்றி 10 முதல் 30 வருஷம் கழித்து, இதயத்தை ஒட்டிய பகுதியை. பெனிசிலின் வந்தபின் மிகவும் குறைந்துவிட்டது.

வயலில் வேலை செய்பவருக்கு மண்ணிலிருந்தே இப்படி வருமா?

வரும். மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, மழைக்காலத்தில் கூடும். 1911-ல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் முதலில் கண்டறிந்தது. சுகர் உள்ள விவசாயியின் காலில் உள்ள வெடிப்பு வழியாகப் போய் நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று சீழ்க்கட்டிகளாகக் கிளம்பும். தமனியையும் இதய உறையையும்கூடத் தாக்கும். பார்க்கக் காசநோய் போலவே இருக்கும். செஃப்ட்ரையாக்ஸோன் இதற்குச் சரியான மருந்து இல்லை. செஃப்டாசிடைமோ மெரோபெனமோ வாரக்கணக்கிலும், பிறகு கோட்ரைமாக்ஸசோல் மாதக்கணக்கிலும் வேண்டும். ஆகவே, "வயலில் இறங்கி வேலை செய்கிறார்" என்ற ஒரு வரியை டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள். லேப்காரர்கள் இந்தக் கிருமியை வேறொன்று என்று ஒதுக்கிவிடாமல் பார்க்க அது உதவும்.

காய்ச்சாத ஆட்டுப்பால் குடிப்போம். பரவாயில்லையா?

வேண்டாம். புருசெல்லா என்ற பாக்டீரியா அதன் வழியாக வரும். காய்ச்சிக் குடியுங்கள்.

தமனித் தொற்றுக்கு மருந்து மட்டும் போதுமா?

பெரும்பாலும் போதாது. கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து, சுற்றிலும் சுத்தம் செய்து, மாற்றுக் குழாய் வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்காதவர்களுக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பதுண்டு. உடைப்பைத் தடுக்க அது உதவும். கிருமி இருக்கும் இடத்திலேயே ஓர் அந்நியப் பொருளை வைக்கிறோம் என்ற குறையும் உண்டு. எப்படியானாலும் ஆறு வாரமோ அதற்கு மேலோ நரம்பு வழி ஆன்டிபயாடிக். சிலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. இடையிடையே சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள்.

செலவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை; உங்களுக்குச் செய்யும் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள். காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது.

வீட்டில் குழந்தைகளுக்கு ஒட்டுமா?

உறையில் மட்டும் காசநோய் என்றால் ஒட்டாது. நுரையீரலிலும் இருந்தால் ஒட்டும். எப்படியும் வீட்டில் இருப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? இரண்டு மாதத்திலேயே நன்றாகிவிட்டாரே?

வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று. இரண்டாவது மாதம் பசி எடுத்து, எடை ஏறி, தறிக்கோ கொலுசுப் பட்டறைக்கோ திரும்பிவிடுவார்கள், நிறுத்துவதும் அப்போதுதான். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். கண் மங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே வாருங்கள். ரிஃபாம்பிசின் சில சுகர் மாத்திரைகளின் வேலையையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினையும், கருத்தடை மாத்திரையையும் மட்டுப்படுத்தும். அதனால் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்ற முழுப் பட்டியலும் டாக்டர் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் ஓர் எக்கோ எடுத்து, உறை இறுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.